கட்டைக் குரலை வைத்துக்கொண்டு ஓப்பரா பாடகர் ஆக முடியுமா?

கேள்வி: "வயது 21. சென்னையில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். என் குரல் ரொம்பக் கட்டை. பாட்டு வாத்தியார், 'உனக்கு மேல் ஸ்தாயி எட்டாது, விட்டுவிடு' என்கிறார். ஓப்பரா என்கிற மேற்கத்திய இசை நாடகத்தில் பாஸ் குரலுக்கு, அதாவது ஆண்களின் மிகத் தாழ்ந்த குரலுக்கு, தனி இடம் உண்டு என்று கேள்விப்பட்டேன். அதைத் தொழிலாகச் செய்ய முடியுமா?"

முடியும் தம்பி. நான் செய்தேன். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் ஓப்பராவில் எட்டு வருடம் மாதச் சம்பளத்துக்குப் பாஸ் பாடினேன். இப்போது வேப்பேரியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் உங்கள் வாத்தியார் சொன்னதற்கு வருகிறேன். கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் எந்தச் சுருதியில் பாடினார் என்று அவரிடம் கேளுங்கள். ஆண்கள் பொதுவாக ஒரு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் இடையில் சுருதி வைத்துக்கொள்ளும் மேடையில், அவர் ஒரு கட்டைக்கும் கீழே இறங்கி நிதானமாக உட்கார்ந்து பாடினார். வயலின்காரர் தந்தியைத் தளர்த்திக்கொள்ள வேண்டும், மிருதங்கக்காரர் தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கம் கொண்டுவர வேண்டும். அடையாறில் டைகர் வரதாச்சாரியாரிடம் படித்தவர் அவர். அந்தக் குரலை மாற்றிக்கொள் என்று யாராவது சொல்லி அவரும் கேட்டிருந்தால், நமக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்!

ஆனால் ஓப்பராவில் அந்தச் சலுகை கிடையாது. கச்சேரியில் பாடகரின் குரலுக்குத் தக்கபடி சுருதி வைப்பார்கள். ஓப்பராவில் எழுதிய ஸ்வரம் எழுதியதுதான், நீங்கள்தான் அதற்குப் பொருந்த வேண்டும். 1791இல் வியன்னாவில் அரங்கேறிய மோட்சார்டின் 'மாயப் புல்லாங்குழலில்' சராஸ்ட்ரோ என்ற குருவின் பாத்திரம் கீழே 87 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 87 அதிர்வு, வரை இறங்குகிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் பக்கத்தில் ராத்திரி நின்று கேளுங்கள். அந்த ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ், சராஸ்ட்ரோ அதற்கும் கீழே. அதே மோட்சார்ட் 1782இல் லுட்விக் ஃபிஷர் என்ற பாடகருக்காக எழுதிய ஓஸ்மின் பாத்திரம் 73 வரை போகிறது. அங்கே போய்த் தொட்டுவிட்டு ஓடிவர முடியாது, நின்று பாட வேண்டும். மைக் இல்லாமல்.

மைக் இல்லாமல் அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டி ஒரு தாழ்ந்த குரல் எப்படிக் கடைசி வரிசைக்குப் போகிறது என்று என்னிடம் எல்லாரும் கேட்பார்கள். சத்தமாகப் பாடுவதால் போவதில்லை. ஆர்க்கெஸ்ட்ராவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸைச் சுற்றித்தான். பயிற்சி பெற்ற குரலில், அடிநாதம் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும், 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தனி மினுக்கம் சேரும். அந்த இடத்தில் வாத்தியங்களின் பலம் குறைவு, நம் காதோ அங்கேதான் மிகக் கூர்மை. அதனால் பாஸ் பாடகனுக்கு ஆழம் மட்டும் போதாது, ஆழத்துக்குமேல் அந்தக் கணீரும் வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் கிட்டத்தட்ட குரலையே இழந்தேன். எனக்கு அப்போது 23 வயது. ஒரு ஆசிரியர், பெயர் வேண்டாம், "உன் குரல் இன்னும் இருட்டாக வேண்டும், குரல்வளையைக் கீழே அழுத்து" என்றார். ஆறு மாதம் அழுத்தினேன். வீட்டில் பாடும்போது ராட்சசன் மாதிரி இருக்கும், எனக்கே பெருமையாக இருக்கும். ஒருநாள் காலையில் எழுந்து அம்மாவைக் கூப்பிட்டேன், காற்றுதான் வந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுத் திரையில் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இரண்டு குரல் நாண்களும் சிவந்து வீங்கி, நடுவில் சரியாக மூடாமல் நின்றன. மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார். வீட்டில் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

தாழ்ந்த குரல் மெதுவாகக் கனியும். முப்பது வயதுக்கு மேல்தான் அதற்கு உண்மையான சதை வரும், நாற்பதுகளில்தான் பல பாஸ் பாடகர்கள் நிறைகிறார்கள். தானாகக் கனிவதைத் தடியால் அடித்துக் கனியவைத்தால் வெம்பிப்போகும் என்று நம் வீடுகளில் சொல்வது இந்தக் குரலுக்கென்றே சொன்னது போல இருக்கிறது. 21 வயதில் நீங்கள் பாட வேண்டியது லேசான பழைய இத்தாலியப் பாட்டுகள். கனமான குரல் கேட்கும் வாக்னரின் ஓப்பராக்கள் பக்கமே போகாதீர்கள். அந்தக் காத்திருப்புக்கு ஒரு பலன் உண்டு: உயர்ந்த குரல்கள் பல ஓயும் வயதில் பாஸ் இன்னும் மேடையில் இருக்கும். ஜெர்மன் பாஸ் பாடகர் குர்ட் மோல் 2006இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 68.

பாத்திரங்களைப் பற்றி. காதலன் வேடம் உங்களுக்கு வராது, அது டெனர் என்கிற உயர்ந்த ஆண் குரலுக்கு. உங்களுக்கு ராஜா, குரு, அப்பா, பிசாசு, கூலிக்குக் கொலை செய்பவன். இதைக் குறையாகச் சொல்பவர்கள் வெர்டியின் 'டான் கார்லோஸ்' (1867) பார்க்காதவர்கள். உலகத்தில் பாதியை ஆளும் அரசன் விடியற்காலையில் தூக்கமில்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறான். மெழுகுவர்த்திகள் எரிந்து தீர்ந்துவிட்டன. ஒற்றைச் செல்லோ வாசிக்கிறது. தன் ராணியை நினைத்து, அவள் என்னை ஒருநாளும் நேசிக்கவில்லை என்று பாட ஆரம்பிக்கிறான். அது முடிந்ததும் கண் தெரியாத, தொண்ணூறு வயது மத விசாரணைத் தலைவர் உள்ளே வருகிறார், அவரும் பாஸ். இரண்டு தாழ்ந்த குரல்கள் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் அந்தக் காட்சிக்கு இணையாக ஒன்றை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

எனக்குப் பெயர் வாங்கித் தந்தது அதைவிட எவ்வளவோ சின்னப் பாத்திரம். புச்சினியின் 'லா போயெம்' (1896) கடைசி அங்கத்தில் கொல்லீன் என்ற ஏழைத் தத்துவக்காரன், சாகக் கிடக்கும் தோழிக்கு மருந்து வாங்குவதற்காகத் தன் பழைய கோட்டை அடகு வைக்கப் போகிறான். போகுமுன் அந்தக் கோட்டுக்கு விடை சொல்லிப் பாடுகிறான். இரண்டு நிமிடம்கூட இருக்காது. உடைக் கிடங்கிலிருந்து எனக்குத் தந்த கோட்டு அந்துருண்டை வாசம் அடிக்கும், இடது பை கிழிந்து தைத்திருக்கும். எங்கள் அப்பா தெற்கு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். சென்னை வெயிலிலும் அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு சென்ட்ரலுக்குப் போவார். ராத்திரி வந்து கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டுவார். அவர் போன பிறகும் ஒரு வருடம் அது அந்த ஆணியிலேயே தொங்கியது, யாருக்கும் எடுக்க மனம் வரவில்லை. முதல் ஒத்திகையில் அந்தப் பாட்டை என்னால் முடிக்க முடியவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் கையைத் தாழ்த்திவிட்டுக் காத்திருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நான்கு வருடங்களில் அதை முப்பது தடவைக்கு மேல் பாடினேன்.

இனி பிழைப்பு. ஜெர்மனியில் அரசுப் பணத்தில் நடக்கும் ஓப்பரா அரங்குகள் எண்பதை ஒட்டி இருக்கின்றன. வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை, அதனால்தான் வெளிநாட்டுக்காரர்கள் அங்கே போகிறார்கள். குரலை அங்கே ரகம் பிரித்து வைத்திருக்கிறார்கள்: கம்பீர வேடங்களுக்கு ஒரு பாஸ், நகைச்சுவை வேடங்களுக்கு ஒரு பாஸ். எந்த ரகத்தில் சேர்க்கிறார்களோ அந்த வேடங்கள்தான் வரும். நிரந்தரக் குழுவில் சேர்ந்தால் மாதச் சம்பளம், காப்பீடு எல்லாம் உண்டு. ஆனால் ஒப்பந்தம் சீசன் சீசனாகத்தான். நடக்கிற சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது என்றால் அக்டோபர் 31க்குள் சொல்லிவிடுவார்கள். அக்டோபர் மாதம் முழுக்கத் தபால் பெட்டியைத் திறக்கும்போது கை நடுங்கும். தனி ஒப்பந்தத்தில் பாடுபவர்களுக்குப் பெரும்பாலும் நிகழ்ச்சிக்குத்தான் பணம். ஜலதோஷம் பிடித்து மேடை ஏறாவிட்டால் அன்றைக்கு ஒன்றுமில்லை.

குரல் தேர்வு இப்படி இருக்கும். சொந்தக் காசில் ஆறு மணி நேரம் ரயிலில் போவீர்கள். இருட்டான அரங்கில் நான்கைந்து பேர் தலை மட்டும் தெரியும். முதல் பாட்டு உங்கள் விருப்பம், இரண்டாவது அவர்கள் கேட்பது. பாதியில் "நன்றி" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், பத்து நிமிடம். பதினேழு தேர்வுக்குப் பிறகுதான் எனக்கு வேலை கிடைத்தது. ஓப்பராக் கோரஸில், அதாவது கூட்டமாகப் பாடும் குழுவில், இரண்டாம் பாஸாக (பாஸிலும் தாழ்ந்த வரி) சேர்வதும் கௌரவமான, நிலையான வேலை. அதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. இத்தாலிய மொழியில் ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் வெவ்வேறு. 'நோத்தே' (notte) என்றால் இரவு, நடுவில் உள்ள மெய்யை ஒற்றையாகச் சொன்னால் (note) வேறு சொல். ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் இதற்கு மாதக்கணக்கில் திணறுவார்கள். படு, பட்டு, பாடு, பாட்டு என்று பிறந்ததிலிருந்து சொல்லும் நமக்கு அது மூச்சு விடுவது போல. காற்று வெடிக்காத நம் க, த, ப ஒலிகளும் அப்படியே அங்கே பொருந்தும். என்னுடைய மொழிப் பயிற்சியாளர், "நீ எந்த ஊர்?" என்று கேட்டுத் தமிழில் நாலு வாக்கியம் பேசச் சொன்னார்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. டிகிரியை முடியுங்கள். பியானோவில் ஸ்வரம் தட்டவும், நோட்டேஷனைப் பார்த்தவுடன் பாடவும் கற்றுக்கொள்ளுங்கள். பாஸ் பாடகனின் பாதி வேலை அதுதான். சென்னையின் பழைய இசைக் கடையான மியூசி மியூசிக்கல் வழியாக, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வு எழுதலாம். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்திய குரல் பயிற்சி உண்டு. நுங்கம்பாக்கம் கோத்தே இன்ஸ்டிடியூட்டில் ஜெர்மன் ஆரம்பித்துவிடுங்கள். ஜெர்மனியில் இசைக் கல்லூரிகள் பலவற்றில் குரல் பிரிவுக்கு வயது வரம்பு இருக்கிறது, அதனால் 25க்குள் விண்ணப்பிப்பது நல்லது. படிப்புக் கட்டணம் பெரும்பாலும் இல்லை, ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணத்தை மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிகிற முடக்குக் கணக்கில் காட்ட வேண்டும். வீட்டில் பேச வேண்டிய பெரிய பேச்சு அதுதான்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு கொயரில், அதாவது கூட்டுப் பாடல் குழுவில், சேருங்கள். எனக்குக் குரல் உடைந்த 14 வயதில் எங்கள் சபைக் கொயர் மாஸ்டர் அண்ணன் பாமாலைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "தம்பி, இனிமே நீ பின்வரிசை. அந்த அங்கிள் பக்கத்துல நின்னு அவர் மூச்சு எடுக்கிற இடத்துல நீயும் எடு" என்றார். சோல்ஃபாவில் (டோ-ரே-மி எழுத்துகளில்) எழுதிய பாஸ் வரியை அந்த அங்கிள் தோளை ஒட்டி நின்றுதான் கற்றேன். பெர்லின் அரசு ஓப்பராவில் 1988இல் சேர்ந்து உலகப் புகழ் பெற்ற ரெனே பாப்பேயும் டிரெஸ்டனில் தேவாலயச் சிறுவர் குழுவில் தொடங்கியவர்தான். நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் பரவாயில்லை, 1893 முதல் இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற குழுக்கள் இந்த ஊரில் இருக்கின்றன. ஹேண்டலின் 'மெசையா' பாஸ் பாட்டுகளை ஒருதரம் கேட்டுவிட்டுப் போங்கள். நான் பாடிய எந்தக் குழுவிலும் இரண்டாம் பாஸ் வரிசை நிறைந்து பார்த்ததே இல்லை. குரலைக் கேட்டதும் உங்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.