பன்னெண்டு நிமிஷத்தை ஓட்டி விடாதீங்க தம்பி

அன்புள்ள அண்ணா,

பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டில நைட் ஷிஃப்ட் பாக்கறேன். திரும்பி வர்ற கேப்ல ஹெட்போன்ல ப்ளாக்கண்ட் டூம் மெட்டல், அதாவது ப்ளாக் மெட்டல் கலந்த ரொம்ப மெதுவான, கனமான மெட்டல் கேக்கறது பழக்கமாயிடுச்சு. எல்லாம் பன்னெண்டு, பதினஞ்சு நிமிஷப் பாட்டுங்கறதால ஹெவியா வர்ற இடத்துக்கு ஓட்டி விட்டு கேட்டுக்குவேன். மனசு லேசாகுது. ஏன்னு தெரியல. வீட்ல ஸ்பீக்கர்ல போட்டா அம்மா "எழவு வீடு மாதிரி இருக்கு, நிறுத்துடா"ங்கறாங்க. எனக்கு ஏதாவது பிரச்சனையா? இந்த ஆளுங்க சர்ச்சை எல்லாம் எரிச்சவங்கன்னு வேற ஃப்ரெண்ட் சொல்றான். அடுத்து என்ன கேக்கலாம்?

எஸ்., பொம்மனஹள்ளி

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச நாளா நான் பிருந்தா முக்தா பாடின பதங்களையே திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருக்கேன், கர்நாடக சங்கீதப் பாடகிங்க, வீணை தனம்மாளோட பேத்திங்க, ஒரு வரியை எடுத்தா அவசரமே இல்லாம அதுக்குள்ளயே உக்காந்திருப்பாங்க, அந்த நேரத்துல உங்க கடிதம் வந்துச்சு. அதனாலதான் உடனே எழுதறேன்.

உங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. தூக்கம் சாப்பாடு கெட்டிருந்தா அது ஷிஃப்ட்டோட வேலை, போய் டாக்டரைப் பாருங்க, கிட்டாரைப் பழி சொல்லாதீங்க. அம்மா சொன்னதும் தப்பில்ல, ஃப்யூனரல் டூம்னே இதுல ஒரு கிளை இருக்கு, யாரும் சொல்லித்தராம கரெக்டா பேர் வச்சிருக்காங்க. சர்ச் விஷயம் நிஜம்தான், நார்வே ப்ளாக் மெட்டல் கூட்டத்துல சில பேர் பண்ணினது. 1992ல நார்வேல ஃபான்டாஃப்ட் மரச் சர்ச் எரிஞ்சது, அடுத்த வருஷம் ஒரு கொலையும் நடந்துச்சு. அது கிரிமினல் கேஸ், அதுல ரசிக்க ஒண்ணும் கிடையாது. அந்த மாதிரி ஆளுக்கு உங்க காசு போகாம பாத்துக்கங்க, அவ்ளோதான்.

ஆனா அந்த "ஓட்டி விட்டு கேட்டுக்குவேன்" இருக்கு பாருங்க, அதைப் படிச்சதும் எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு. கல்யாணத்துக்கு நேரா பந்திக்கு மட்டும் வந்து கை கழுவிட்டுப் போறவங்க மாதிரி இருக்கு தம்பி. ஒன்பதாவது நிமிஷத்துல ரிஃப், அதான் திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி, மாறும்போது வயித்துல என்னமோ பண்ணுதே, அது அந்த ஒன்பதாவது நிமிஷத்தோட சாமர்த்தியம்னா நினைச்சீங்க? முன்னாடி எட்டு நிமிஷம் ஒரே இடத்துல நிறுத்தி வச்சதோட பலன் அது. நீங்க ஓட்டி விட்டுட்டு வந்து கேட்டா ரெண்டு ஸ்வரம் மாறினது மட்டும்தான் காதுல விழும்.

மெதுவா வாசிக்கறது சுலபம்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கு. நான் பேஸ் வாசிச்சிட்டுத் திரிஞ்ச காலத்துல காக்ஸ் டவுன்ல ஒரு ஜாம் ரூமுக்குப் போவோம், கீழ டயர் கடை. ட்ரம்ஸ் வாசிச்ச பையன் ஸ்ரீராம்புரம், நிமிஷத்துக்கு 200ல ப்ளாஸ்ட் பீட், மெஷின் கன் மாதிரி படபடன்னு விழற அடி, அடிச்சாலும் வேர்க்காது அவனுக்கு. ஒரு நாள் மெட்ரோனோம், அந்த டிக் டிக்னு காலம் காட்டற கருவி, 50ல வச்சோம். நாலு ஆவர்த்தனம் தாண்டல, 60க்கு ஓடிட்டான். 50ன்னா ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல 1.2 செகண்ட். குச்சியைத் தூக்கிட்டு நிக்கறான், சிம்பல் சத்தம் அடங்கிட்டே வருது, என்னோட தடி ஸ்ட்ரிங் அதிர்றதுல ஸ்நேர் ட்ரம்முக்கு அடியில இருக்கற கம்பிங்க தானா கிர்ர்னு பேசுது, அந்த இடைவெளில நிக்க அவனால முடியல, பயந்து போய் அடிச்சிடறான். அப்புறம் வாய்க்குள்ளயே தகதிமி சொல்லிச் சொல்லித்தான் பழகினான். அவன் உதடு அசையறதைப் பாத்துதான் நானும் வாசிப்பேன்.

இந்த டூமே ஒரு விபத்துலேருந்து வந்ததுதான். பர்மிங்ஹாம்ல தகடு ஃபேக்டரில ப்ளாக் சப்பத் பேண்டோட கிட்டாரிஸ்ட் டோனி அயோமிக்கு வலது கைல ரெண்டு விரல் நுனி போச்சு, அவரு இடது கைக்காரர், அதனால ஸ்ட்ரிங்கை அமுக்கற கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி பண்ணிப் போட்டுக்கிட்டார், 1971 வாக்குல ஸ்ட்ரிங்கை ஒன்றரை ஸ்தாயி, ச்சே, மூணு ஸ்வரஸ்தானம் இறக்கி வச்சார், வலி குறைஞ்சது, சத்தம் கனமாச்சு. அவங்க பேண்ட் 1970ல போட்ட முதல் ஆல்பத்தோட முதல் ரிஃப்பைப் பாருங்க, ஸா, மேல் ஸா, அங்கேருந்து பிரதி மத்யமம். சாத்தானோட இடைவெளி, சர்ச்சே தடை பண்ணிச்சுன்னு கதை விடுவாங்க. தடையெல்லாம் ஒண்ணும் கிடையாது. அதே ம-வை கல்யாணில தினம் பாடறோம், யாரும் எழுந்து ஓடல. கல்யாணில ம வந்தா பக்கத்துலயே ப காத்துட்டு இருக்கும். அயோமி ப-வைத் தராம அங்கயே தொங்க விடறார், அதுவும் மெதுவா. பயம் அங்கதான் வருது.

பவர் கார்டுங்கறாங்களே, அது வெறும் ஸா-ப, நம்ம தம்புரா. கிட்டார் சத்தத்தைக் கரகரன்னு உடைக்கற டிஸ்டார்ஷன்ல போட்டா அந்த ரெண்டு ஸ்வரத்தோட வித்தியாசத்துலேருந்து யாரும் வாசிக்காத ஒரு கீழ் ஸா கேக்கும். அது காதுக்கு வந்து உக்கார நேரம் வேணும். பாஸ்ட்டா வாசிச்சா அதுக்குள்ள அடுத்த கார்டு வந்துடும்.

நீங்க கேட்ட "ஏன் லேசாகுது"க்கு வர்றேன். கீழ ட்ரம்ஸ் டூம் வேகத்துல நிக்குது, மேல ப்ளாக் மெட்டல் கிட்டார் ஒரே ஸ்வரத்தை ட்ரெமலோல தேனீக்கூட்டமா அடிச்சிட்டே இருக்கு, அதுக்கும் மேல அந்த கிறீச்சுக் குரல். உங்க மண்டைக்குள்ள டிக்கெட், டெட்லைன்னு ஓடிட்டே இருக்கற ஓட்டத்துக்கு கிட்டார் துணைக்கு ஓடுது, உடம்பு போய் ட்ரம்ஸ் கூட உக்காந்துக்குது. எனக்குத் தெரிஞ்ச காரணம் இதுதான், வேற யாராவது தியானம் அது இதுன்னு சொன்னா நம்பாதீங்க.

கேக்க வேண்டியது: பெத்லஹேம்னு ஜெர்மன் பேண்ட், 1994ல வந்த முதல் ஆல்பம். சுவிஸ்காரங்க ட்ரிப்டிகான், 2010. இத்தாலிலேருந்து ஃபர்காட்டன் டூம்ப். டென்மார்க்ல நார்ட், தனி ஆள், அதை லீவு நாள்ல மட்டும் போடுங்க. நம்ம ஊர்லயே டையிங் எம்ப்ரேஸ் 1991லேருந்து டூம்-டெத், அதாவது டெத் மெட்டல் கலந்த டூம், வாசிச்சவங்க, பேவார் ஸீன்னு இன்னொரு பேண்ட், அது ப்ளாக்கண்ட் இல்லன்னாலும் ஷோ நடந்தா போய் ஸ்பீக்கர் பக்கத்துல நில்லுங்க, அந்தக் கீழ் ஸா நெஞ்செலும்புல தெரியும். இயர்ப்ளக் எடுத்துட்டுப் போங்க.

இன்னொண்ணு, ஹெட்போனோட நிறுத்திக்கங்க. கேப்ல ப்ளூடூத் கனெக்ட் பண்ணித் தரச் சொல்லி டிரைவரைக் கேக்காதீங்க, அந்த மனுஷன் சில்க் போர்டு தாண்டற வரைக்கும் முழிச்சிட்டு ஓட்டணும்.