டாண்டம் சைக்கிளில் ஸ்போக்ஸ் உடைகிறதா? தடித்த கம்பி போடாதீர்கள்

கேள்வி: நானும் என் கணவரும் ஜனவரியில், இருவர் முன்பின்னாக உட்கார்ந்து மிதிக்கும் டாண்டம் சைக்கிளில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் போகிறோம். மாமல்லபுரம் வரை ஓட்டிப் பார்த்ததில் பின் சக்கரத்தில் 2 ஸ்போக்ஸ் உடைந்துவிட்டன. தடித்த கம்பி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். போதுமா? திரும்பும்போது வண்டியை ரயிலில் ஏற்றலாமா?

பதில்: போதாது. கம்பி எங்கே உடைந்தது என்று பாருங்கள். ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) மாட்டும் வளைவில் என்றால், பாரம் தாங்காமல் அறுந்ததல்ல அது. தொய்வாக இருந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இறுகி, அந்த இடத்திலேயே ஒடிந்திருக்கிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதேதான். தடித்த கம்பி அதிகம் நீளாது. பள்ளத்தில் விழும்போது சீக்கிரமே தளர்ந்துவிடும். முனைகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. உள்ள கம்பிதான் உழைக்கும்.

இரண்டு போயிருந்தால் மற்றவையும் அதே அளவு அடி வாங்கியவை. பின் சக்கரத்தின் எல்லாக் கம்பிகளையும் மாற்றுங்கள். பெண்டு எடுத்துச் சக்கரம் நேராகச் சுற்றினால் வேலை முடிந்தது என்று பல கடைகளில் கொடுத்துவிடுகிறார்கள். நேராக ஓடும் சக்கரத்திலும் ஒரு கம்பி விறைப்பாகவும் அடுத்தது தொளதொளவென்றும் இருக்கலாம். விரலால் சுண்டுங்கள், ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஒலி தர வேண்டும். பிறகு இணையான கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். 50 கி.மீ. ஓட்டியபின் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

டாண்டமுக்கு 40 கம்பிச் சக்கரம் வேண்டும். ஒரே விலக்கு, 26 அங்குலச் சக்கரம். அதில் கம்பி நீளம் குறைவு, ரிம்மும் விறைப்பு; ஒழுங்காகக் கோத்திருந்தால் 36 தாங்கும். உங்களுடையது 26 அங்குலமா என்று டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், விற்றவர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். 26 என்றால் 36 கம்பியோடே போகலாம். 700 (அதைவிடப் பெரிய சக்கரம்) என்று இருந்தால் 40 துளை ரிம்மும் அதற்கேற்ற ஹப்பும் வாங்கியே ஆக வேண்டும். 26-லும் அகல டயர் போட்டால்தான் இந்தச் சலுகை, 1.75 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

வேகத்தடைகள்தான் சக்கரத்துக்கு எமன். பெயின்ட் அழிந்து, பலகையும் இல்லாமல் ஊருக்கு ஊர் போட்டு வைத்திருக்கிறார்கள். பின்னால் இருப்பவருக்கு அது கண்ணில் படாது. முன்னால் ஓட்டுபவர் குரல் கொடுக்க, இருவரும் பெடலில் நின்று சீட்டிலிருந்து சற்றே எழ வேண்டும். மூட்டைகளில் பாதியாவது முன் சக்கரத்தின் பக்கம் மாட்டுங்கள்.

செயின் பக்கத்துக் கம்பிகள் மறுபக்கத்தைவிடச் சற்றே குட்டை. இரண்டு அளவிலும் மும்மூன்று வைத்துக்கொள்ளுங்கள். பல்சக்கரக் கூட்டைக் கழற்றாமல் செயின் பக்கக் கம்பியை நுழைக்க முடியாது. ஆகவே அதைக் கழற்றும் கருவியும் பையில் இருக்கட்டும்.

ரயிலில் ஏற்றலாம். ஆனால் ஸ்டேஷன் வாசலிலேயே ‘பேக்கிங் நாங்க பார்த்துக்கிறோம்’ என்று வண்டியைப் பிடித்துக்கொள்ளும் ஆட்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். லக்கேஜ், பார்சல் இரண்டும் வேறு. பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால் நீங்கள் போகும் ரயிலிலேயே வரும். இடைத்தரகர் பார்சலாகப் போட்டுவிடுவார். அது எந்த ரயிலில், என்றைக்கு வரும் என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கவுன்டரில் இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்லக்கூட ஆளில்லை. அதில்தான் தரகர் பிழைக்கிறார். நீங்களே போய் ரசீது வாங்குங்கள். வழியில் உள்ள ராமநாதபுரத்தில் ரயில் நிற்கும் சில நிமிடங்களில் எட்டடி வண்டியை ஏற்ற முடியாது. ரயில் புறப்படும் ராமேஸ்வரத்திலேயே, 2 மணி நேரம் முன்னதாகப் போய், பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, ஊர்ப்பெயரையும் போன் எண்ணையும் வண்டியிலேயே அட்டையில் எழுதிக் கட்டிக் கொடுங்கள்.