ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர்களில் முதலிடம் யாருக்கு?

கேள்வி: உலக அளவில் பாப், ராக் இசையின் தலைசிறந்த ரெக்கார்டு புரொட்யூசர்கள் யார்? முதல் ஐந்து பேரை வரிசைப்படுத்த முடியுமா? இளையராஜா, ஏ.ஆர்.ரஹ்மான் அந்த வரிசையில் வருவார்களா?

என் வரிசையில் முதலிடம் ஜார்ஜ் மார்ட்டினுக்கு, இரண்டாமிடம் குவின்ஸி ஜோன்ஸுக்கு. இந்த இரண்டிலும் எனக்குச் சந்தேகம் கிடையாது. அடுத்த மூன்று இடங்களைப் பற்றித்தான் திருநெல்வேலி ஜங்ஷனில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்த காலம் தொட்டு நண்பர்களோடு வாதாடி வருகிறேன். மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த கேசட்டுகளும், தூத்துக்குடியில் கப்பல் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்தவையும்தான் எங்களுக்கு அந்த உலகத்தைத் திறந்துவிட்டன. உறையின் உள்தாளில் பொடி எழுத்தில் இருந்த பெயர்களைப் படித்துப் படித்தே பாடகருக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டோம்.

அந்த இன்னொருவரின் வேலை என்ன? எந்தப் பாடலைப் பதிவு செய்வது என்று தேர்ந்தெடுப்பது, எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும் என்று முடிவு செய்வது, பாடகரைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து அவற்றில் நல்லதைப் பொறுக்குவது, தனித்தனியாகப் பதிந்த ஓசைகளை அளவாகக் கலக்கும் மிக்ஸிங் முடிந்து மாஸ்டர் டேப் கையைவிட்டுப் போகும்வரை அத்தனைக்கும் பொறுப்பேற்பது. ஆகவே விற்பனையையும் விருதுகளையும் அளவுகோலாக வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கலைஞர் இவரிடம் வருவதற்கு முன் எப்படி இருந்தார், இவரோடு இருந்தபோது எதை எட்டினார், அந்த எட்டலில் இவருடைய பங்கு எவ்வளவு என்று பார்ப்பதே நியாயம் என்று கருதுகிறேன்.

அப்படிப் பார்த்தால் மார்ட்டினுக்கு இணையாக ஒருவரைச் சொல்வது கடினம். 1962இல் டெக்கா நிறுவனம் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு குழுவை அவர் தன் பார்லஃபோன் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். கில்ட்ஹால் இசைப் பள்ளியில் ஓபோ என்ற குழல் வாத்தியம் பயின்றவர். பீட்டர் செல்லர்ஸ் போன்ற நகைச்சுவைக் கலைஞர்களின் பதிவுகளைத் தயாரித்து, டேப்பில் விதவிதமான ஓசைகளை உண்டாக்கிப் பழகியவர். இந்த இரண்டு பயிற்சியும் பீட்டில்ஸ் குழுவுக்கு எவ்வளவு தேவைப்பட்டன என்பது பின்னால்தான் தெரிந்தது. மெதுவான நடையில் எழுதப்பட்டிருந்த 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டை வேகமாக்கச் சொன்னவர் அவர். 1965இல் 'யெஸ்டர்டே' பாட்டுக்கு நான்கு தந்தி வாத்தியங்களைச் சேர்க்கலாம் என்று அவர் சொன்னபோது பால் மெக்கார்ட்னி முதலில் தயங்கினார் என்பதும், பிறகு இணங்கி, தந்திகளில் அதிர்வைக் குறைத்து வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்பதும் பலரும் அறிந்த செய்தி.

அவருடைய திறமைக்கு ஒரே ஓர் உதாரணம் சொல்லச் சொன்னால் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பதிவைத்தான் சொல்வேன். ஜான் லெனனுக்கு அந்தப் பாட்டின் இரண்டு பதிவுகள் பிடித்திருந்தன. ஒன்று, குழுவினர் மட்டும் வாசித்த ஏழாவது டேக், அதாவது ஏழாவது முறை பதிந்தது. மற்றொன்று, டிரம்பெட்டும் செல்லோவும் சேர்ந்து முழங்கும் இருபத்தாறாவது டேக். முதலாவதின் தொடக்கமும் இரண்டாவதின் முடிவும் வேண்டும், இரண்டையும் ஒட்டிவிடுங்கள் என்று அவர் கேட்டார். இரண்டும் வேறு வேறு சுருதி, வேறு வேறு வேகம். டேப் ஓடும் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் சேர்ந்து ஏறும். குறைத்தால் சேர்ந்து இறங்கும். நல்ல வேளையாக, வேகமான பதிவுதான் சுருதியிலும் உயர்ந்திருந்தது. ஆகவே மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் ஏழாவது டேக்கைச் சற்று வேகமாக்கி, இருபத்தாறாவதைச் சற்று மெதுவாக்கி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் டேப்பை வெட்டி ஒட்டினார்கள். பாட்டு தொடங்கி ஒரு நிமிடம் கழிந்ததும் அந்த ஒட்டு வருகிறது. அதற்குப் பின் லெனனின் குரலில் ஒரு கனமும் மயக்கமும் ஏறுவதைக் கவனித்துக் கேட்டால் உணரலாம். இரண்டு டெக்கையும் கேபிளால் இணைத்து, நிறுத்தும் பொத்தானையும் பதியும் பொத்தானையும் மாறி மாறி அழுத்தி ஒரு பாட்டின் தொடர்ச்சியைக் காப்பாற்றவே பாடுபட்டவன் நான். பிளேடையும் ஒட்டு டேப்பையும் வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள் என்று அறிந்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்றும் குறையவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1963 முதல் 1969 வரை அவர் செய்த பீட்டில்ஸ் பதிவுகளை வரிசையாகக் கேட்டால் 'இது மார்ட்டின் ஓசை' என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் அதற்குரிய ஓசையை அவர் தேடிக் கொடுத்திருக்கிறார்.

இதற்கு நேரெதிர் ஃபில் ஸ்பெக்டர். ஹாலிவுட்டின் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் பல கிதார்களையும் பல பியானோக்களையும் ஒரே நேரத்தில் ஒரே பகுதியை வாசிக்கவைத்து, அந்த ஓசையை எதிரொலி அறைக்குள் அனுப்பித் திரும்ப எடுத்து, பிரிக்க முடியாத ஒரே பெருமுழக்கமாக அவர் உருவாக்கினார். 1963இல் வந்த 'பி மை பேபி' அதன் உச்சம். அந்த ஓசையின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது அந்த ஓர் ஓசைதான் என்பதற்கு பீட்டில்ஸ் குழுவே சாட்சி. 1969 ஜனவரியில் எளிமையாகப் பதிவாகியிருந்த 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' பாட்டு 1970இல் ஸ்பெக்டர் கைக்குப் போனபோது, எழுதிப் பாடிய மெக்கார்ட்னியைக் கேட்காமலே அதன்மேல் பெரிய வாத்தியக் குழுவையும் பெண்கள் கோரஸையும் ஏற்றிவிட்டார். மெக்கார்ட்னி கடிதம் எழுதி எதிர்த்தும் பாட்டு அப்படியே வெளியாயிற்று. 2003இல் அந்தச் சேர்க்கைகள் இல்லாத ஒரு பதிவு வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள், பாட்டுக்கு உடை தைப்பவருக்கும் தன்னிடம் உள்ள ஒரே உடைக்குள் எல்லாப் பாட்டையும் திணிப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாமே கண்டுகொள்வார்கள். ஐந்தாம் இடத்தை அவருக்குக் கொடுக்கிறேன். ஒரு பெண்ணைச் சுட்டுக் கொன்றதற்காக 2009இல் தண்டிக்கப்பட்டு, சிறைவாசத்திலேயே 2021இல் இறந்தவர் என்பதால் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அந்தக் குற்றத்தை எதுவும் குறைத்துவிடாது. ஆனாலும் பதிவுகளை எடைபோடும்போது அந்தப் பதிவுகளை மட்டுமே எடைபோடுகிறேன்.

குவின்ஸி ஜோன்ஸ் மைக்கேல் ஜாக்சனைச் சந்தித்தபோதே முழு வாழ்க்கை ஒன்றை இசையில் வாழ்ந்து முடித்திருந்தார். கவுண்ட் பேஸி, ஃபிராங்க் சினாட்ரா ஆகியோருக்கு வாத்திய அமைப்பு எழுதியவர். 1957இல் பாரிஸில் நாடியா பூலான்ஷேவிடம் பாடம் கேட்டவர். அந்தப் படிப்பெல்லாம் ஒரு நடனப் பாட்டின் மூன்று நிமிடத்துக்குள் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று பாருங்கள். 1979இல் 'ஆஃப் தி வால்', 1982இல் 'திரில்லர்', 1987இல் 'பேட்' என்று மூன்றே தொகுப்புகள்தாம். குடும்பக் குழுவின் சிறுவனாக அறியப்பட்ட ஒரு பாடகரை, உலகில் எந்த மூலையில் இருப்பவரும் தன்னுடையவர் என்று நினைக்கும் நிலைக்கு அவை கொண்டுபோய் நிறுத்தின. 'பீட் இட்' பாட்டில் ராக் கிதார் கலைஞர் எட்டி வான் ஹாலனை வாசிக்கவைத்தது அவருடைய முடிவு. 'பில்லி ஜீன்' பாட்டின் நீண்ட தொடக்கத்தைக் குறைக்க அவர் விரும்பியும், ஆட வேண்டும் என்ற உந்துதலைத் தருவதே அந்தப் பகுதிதான் என்று ஜாக்சன் சொன்னதும் விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுக்கத் தெரிந்ததையும் நான் தயாரிப்பாளரின் திறமையாகவே எண்ணுகிறேன்.

'திரில்லர்' முதலில் மிக்ஸ் செய்யப்பட்டபோது இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கமும் நீளமாகிவிட்டது. ஒரு பக்கத்தில் நேரம் கூடக் கூட வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டியிருக்கும். நெருக்கினால் ஓசை மெலிந்து, பேஸ் எனும் கீழ் ஓசை அடிபட்டுப் போகும். காலக்கெடு நெருக்கிய அந்த நிலையிலும் இதை வெளியிட முடியாது என்று நிறுத்தி, பாட்டுகளைச் சுருக்கி, ஒவ்வொன்றையும் புதிதாக மிக்ஸ் செய்தார்கள். குவின்ஸியோடு ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியனுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

அந்த உழைப்பின் பலனை நான் கண்கூடாகக் கண்டது சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கோயில் கொடையில். வில்லுப்பாட்டுக்கு முந்தைய இடைவெளியில் துபாயிலிருந்து வந்திருந்த பையன் ஒருவன் ஜாக்சன் கேசட்டைக் கொடுத்து, ரேடியோ செட்டில் போடச் சொன்னான். மரத்தில் கட்டிய புனல் குழாயில் பேஸ் சுத்தமாக வராது. மேல் ஓசையும் பாதி கழிந்துவிடும். அப்படியிருந்தும் டிரம் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது, குரல் எதிலும் அமுங்கவில்லை. செட் வைத்திருந்த அண்ணாச்சி ஆம்ப்ளிஃபயரைத் தொடக்கூட இல்லை. "தம்பி, எவன் பதிஞ்சானோ தெரியல, குழாயில போட்டாலும் குரல் தனியா நிக்கு பாத்தியா" என்றார். விலை உயர்ந்த ஸ்பீக்கரில் மட்டும் நன்றாகக் கேட்பதை நல்ல பதிவு என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்தாரும் தங்கள் பதிவுகளைக் கார் ஸ்பீக்கர் போன்ற சிறிய பெட்டியில் போட்டுப் பார்த்தே அனுப்பினார்கள் என்று பின்னாளில் படித்தபோது அண்ணாச்சியின் நினைவுதான் வந்தது.

மூன்றாமிடம் ரிக் ரூபினுக்கு. ஹிப் ஹாப் இசையில் தொடங்கிய அவர், 1986இல் கொலம்பியா நிறுவனம் கைவிட்டிருந்த கன்ட்ரி பாடகர் ஜானி கேஷை அழைத்துத் தன் வீட்டு வரவேற்பறையில் ஒற்றைக் கிதாரோடு உட்காரவைத்துப் பாடச் சொன்னார். 1994இல் வெளிவந்த அந்தத் தொகுப்பில் ரூபின் சேர்த்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நீக்கியதுதான் அவர் செய்த வேலை. நான்காமிடம் ஜார்ஜியோ மொரோடருக்கு. 1977இல் டோனா சம்மரின் குரலுக்குக் கீழே மூக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தை இடைவிடாமல் ஓடவிட்ட அந்த ஒரு பாட்டு, இன்றைய நடன இசையில் பெரும்பகுதிக்குத் தாய்.

ஜமைக்காவின் கிங் டப்பியை எங்கே வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வரும். கிங்ஸ்டனில் ரேடியோ பழுது பார்த்து, தெருக்களில் இசை போடும் சவுண்ட் சிஸ்டம்களுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொடுத்தவர். நம் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி, ஆம்ப்ளிஃபயரைத் தாமே அமைத்து, பக்கத்து ஊர்க் கொடையின் செட்டைவிடத் தம் செட் கேட்க வேண்டும் என்று போட்டி போட்ட மைக் செட்காரர்களுக்கு அவரை உடனே புரியும். மற்றவர்கள் பதிவு செய்த பாட்டில் குரலை நீக்கி, பேஸையும் டிரம்ஸையும் நிறுத்தி நிறுத்தி விட்டு, எதிரொலியைக் கலந்து, மிக்ஸிங் மேசையையே ஒரு வாத்தியமாக அவர் வாசித்தார். ஆனால் அவர் கைக்கு வந்தது பதிவாகி முடிந்த டேப். பாடகரை எட்டவைக்கும் பொறுப்பு அதைத் தயாரித்த பன்னி லீ போன்றவர்களுடையது. என் அளவுகோல்படி அவர் வரிசைக்கு வெளியே நிற்கிறார். செல்வாக்கை மட்டும் அளந்தால் மேலே சொன்ன ஐவரில் மூவரையாவது தாண்டிவிடுவார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி நம்மவர்கள். இளையராஜாவை இந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்பவர்களின் அன்பு எனக்குப் புரிகிறது. 1976இல் 'அன்னக்கிளி' வந்த நாளிலிருந்து அவர் பாட்டோடு வளர்ந்தவன் நான். ஆனால் எந்த வயலின் எந்த ஸ்வரத்தை வாசிக்க வேண்டும் என்பது வரை அவரே தாளில் எழுதிவிடுகிறார். மைக் திறக்கும் முன்பே பாட்டு முழுமையடைந்துவிடுகிறது. தயாரிப்பாளருக்கு அங்கே இடமே இல்லை. அவரை இசையமைப்பாளர், வாத்திய அமைப்பாளர் வரிசையில் வைத்துப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. தன் பாட்டைத் தானே தயாரித்த, பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனையும் இதே காரணத்தால் விட்டுவிட்டேன்.

ரஹ்மானின் முறை வேறு. வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ஸ்டுடியோவில், இரவில், பாடகரைத் தன் போக்கில் பலவிதமாகப் பாடவிட்டு, வாத்தியக்காரரை மனம்போல வாசிக்கவிட்டு, அந்தப் பதிவுகளிலிருந்து பொறுக்கி அடுக்கடுக்காகப் பாட்டைக் கட்டுகிறார். தாங்கள் பாடியது பாட்டில் எந்த இடத்தில் வரும் என்று அறியாமலே ஸ்டுடியோவைவிட்டு வந்ததாகப் பாடகர்கள் பலர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். 1992இல் 'ரோஜா' கேசட்டைக் கடையில் முதன்முறை போட்டபோது, தமிழ்ப் பாட்டில் பேஸ் இவ்வளவு தெளிவாக வருமா என்று டெக்கின் அருகே போய் நின்றவர்கள் பலர். அவர் தயாரிப்பாளர்தான், ஐயமில்லை. மெட்டும் அவருடையதே என்பதால் மட்டுமே, வில்சனுக்கு வைத்த விதி அவரையும் ஐந்து பேருக்குள் வரவிடாமல் தடுக்கிறது. அந்த விதியைத் தளர்த்த நீங்கள் சம்மதித்தால் ரூபினுக்கு மேலே, மூன்றாமிடத்தில் அவரை வைப்பேன்.

அப்படி வைக்கும்போது எச்.ஸ்ரீதர் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். ரஹ்மானின் தொடக்க காலப் பாட்டுகளைப் பதிந்து மிக்ஸ் செய்தவர், ஒலிப்பதிவுக்காக ஒன்றுக்கு மேற்பட்ட முறை தேசிய விருது பெற்றவர், 2008 டிசம்பரில் காலமானவர். மார்ட்டினுக்கு எமரிக்கும் குவின்ஸிக்கு ஸ்வீடியனும் என்ன செய்தார்களோ அதைத்தான் அவர் ரஹ்மானுக்குச் செய்தார். எமரிக்கையும் ஸ்வீடியனையும் தெரிந்த நம் இளைஞர்களில் பலருக்கு இவரைத் தெரியவில்லை.