அன்னாளைப் போல ஜெபித்தால் கேட்டது கிடைக்குமா?

"அன்னாளின் வாழ்க்கை பக்தியைப் பற்றி என்ன கற்றுத்தருகிறது? அவளைப் போலப் பொருத்தனை பண்ணி ஜெபித்தால் கேட்டது கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைக்கவில்லை. கல்யாணமாகி 16 வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. பிள்ளை கொடுத்தால் உமக்கே ஒப்புக்கொடுப்பேன் என்று அன்னாள் பண்ணின பொருத்தனையை உபவாசம் இருந்து நானும் பண்ணியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஆனாலும் எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் அன்னாள் பேரைத்தான் சொல்வேன்.

பிள்ளையில்லாத பெண்ணிடம் சபையில் எல்லாரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அன்னாளைப் போல ஜெபம் பண்ணுங்க." அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டுக் கேட்டு, 1 சாமுவேல் முதல் அதிகாரம் வந்தாலே நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். ஜெபித்தாள், பெற்றாள் என்ற இரண்டு வார்த்தைகளாக அந்தக் கதை எனக்குள் சுருங்கிப் போயிருந்தது. பல வருஷம் கழித்து ஒரு ராத்திரி நிதானமாக வாசித்தபோதுதான், நான் கவனிக்காமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நியாயாதிபதிகள் காலத்தின் கடைசி. எப்பிராயீம் மலைநாட்டில் எல்க்கானா என்பவனுக்கு இரண்டு மனைவிகள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருஷந்தோறும் குடும்பமாக சீலோவுக்குப் போய்ப் பலியிடுவார்கள். அங்கேதான் அந்த நாட்களில் ஆசரிப்புக் கூடாரமும் உடன்படிக்கைப் பெட்டியும் இருந்தன. ஒவ்வொரு வருஷமும் அங்கே வைத்துத்தான் பெனின்னாள் அவள் மனம் நோகும்படி பேசுவாள். அன்னாள் சாப்பிடாமல் அழுவாள்.

இதில் "வருஷந்தோறும்" என்ற வார்த்தையில் நான் நின்றுவிட்டேன். எந்த இடத்தில் காயப்படுகிறாளோ அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறாள். எனக்குப் பிள்ளையில்லாததற்கு ஏதோ மறைவான பாவம் காரணமாக இருக்கலாம் என்று ஒரு மூத்த விசுவாசி நாலு பேர் முன்னால் சொன்னபோது, நான் எட்டு மாதம் ஆராதனைக்கே போகவில்லை. அந்த எட்டு மாதமும் வீட்டில் ஜெபித்தேனா என்றால் அதுவும் இல்லை. மனுஷர் மேல் இருந்த கோபத்தைக் கொண்டுபோய் கர்த்தர் மேல் வைத்திருந்தேன். அன்னாள் அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. பெனின்னாளுக்கு அவள் திருப்பிச் சொன்னதாக ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லை.

"பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்று எல்க்கானா கேட்கிறான். நல்ல மனுஷன். அவன் நேசித்தது நிஜம். ஆனால் அவளுடைய துக்கம் அவன் எட்டக்கூடிய ஆழத்தில் இல்லை. எத்தனை அன்பான கணவனாலும் ஆற்ற முடியாதது ஒன்று உண்டு என்பதை நான் என் வீட்டிலேயே அறிந்திருக்கிறேன்.

அதன்பின் அவள் எழுந்து போகிறாள். "மனங்கசந்து" ஜெபித்தாள் என்று எழுதியிருக்கிறது. கசப்பை முதலில் இறக்கி வைத்துவிட்டு, மனதைச் சாந்தப்படுத்திக்கொண்டு ஜெபத்துக்கு வரவேண்டும் என்றுதான் சிறுவயதிலிருந்து நான் நினைத்திருந்தேன். அன்னாளோ கசப்போடேயே போனாள். அந்தக் கசந்த வாயால்தான் "சேனைகளின் கர்த்தாவே" என்று கூப்பிட்டாள். வேதாகமத்தில் தேவனை அந்தப் பெயரால் கூப்பிட்டு ஜெபித்த முதல் ஆள் ராஜாவோ தீர்க்கதரிசியோ இல்லை, இவள்தான்.

உதடு மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை. ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறான். யூத ரபீமார் பிற்காலத்தில் ஜெபத்தின் ஒழுங்குகள் சிலவற்றை இந்தப் பெண்ணிடமிருந்துதான் எடுத்தார்கள்: மனதை ஒருமுகப்படுத்த வேண்டும், உதடு அசைய வேண்டும், சத்தத்தை உயர்த்தக் கூடாது என்று தல்மூத் என்ற அவர்கள் நூலில் இருக்கிறது. ஆசாரியனுக்கு வெறியாகத் தெரிந்தது ஒரு ஜனத்துக்கே முன்மாதிரியானது.

அவள் ஏலிக்குச் சொன்ன பதிலை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்: "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ... நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்." பாத்திரத்தைக் கவிழ்த்து ஊற்றும்போது எது விழலாம், எது விழக்கூடாது என்று பொறுக்க முடியாது. அடியில் தங்கியிருக்கும் வண்டலும் சேர்ந்துதான் விழும். பொறாமை, கோபம், "ஏன் எனக்கு மட்டும்" எல்லாம். நான் அதுவரை ஊற்றினதே இல்லை. நல்ல வார்த்தைகளாகத் தேர்ந்தெடுத்து அகப்பையால் மொண்டு மொண்டு வைத்துக்கொண்டிருந்தேன். முதல் முறை நிஜமாக ஊற்றினபோது பயமாக இருந்தது. தங்கை மூன்றாவது பிள்ளை உண்டானதைச் சொன்ன நாள் அது. எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை என்பதைக் கர்த்தரிடம் அப்படியே சொன்னேன். அவர் என்னைத் தள்ளவில்லை.

இனி 18-ஆம் வசனம். உங்கள் கேள்விக்கு என் பதில் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. "பின்பு அந்த ஸ்திரீ புறப்பட்டுப்போய், போஜனஞ்செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை."

அந்த நேரத்தில் அவள் கையில் என்ன இருந்தது? பிள்ளை இல்லை, அடையாளம் எதுவும் இல்லை. வீட்டில் பெனின்னாள் அப்படியேதான் இருக்கிறாள். ஏலி சொன்ன வாழ்த்து ஒன்றுதான் இருந்தது. அவள் கேட்டது என்னவென்றுகூட ஏலி விசாரிக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டாள், முகம் மாறியது. சாமுவேல் பிறப்பது 20-ஆம் வசனத்தில். எல்லாரும் என்னை அந்த வசனத்துக்குத்தான் அழைத்துப் போனார்கள். அது கர்த்தர் அவளுக்குக் கொடுத்தது. எனக்கும் கொடுப்பார் என்று வாக்குப்பண்ணவில்லை. 18-ஆம் வசனத்துக்குள் மட்டும் நான் போயிருக்கிறேன். ஒரு நாளில் நடக்கவில்லை. இன்றும் சில காலைகளில் துக்கமுகம் திரும்பி வரும். திரும்பவும் ஊற்றுவேன்.

பொருத்தனையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவள் பேரம் பேசினாள் என்று எனக்குத் தோன்றவில்லை. லேவியர் 25 வயதிலிருந்து 50 வயது வரை ஆசரிப்புக் கூடாரத்தில் பணிவிடை செய்தால் போதும் என்று எண்ணாகமம் சொல்கிறது. இவளோ "உயிரோடிருக்கும் சகல நாளும்" என்றாள். தனக்கென்று எதையும் மீதி வைக்கவில்லை. பால்மறந்ததும் கொண்டுபோய் விட்டாள். அந்தக் காலத்தில் தாய்ப்பால் மூன்று வருஷம்கூடக் கொடுப்பார்கள். மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு தாய் தன் மகனிடம் அப்படிச் சொல்கிறாள். மூன்று வயதுப் பிள்ளை, அதுவும் ஓப்னி, பினெகாஸ் என்ற துன்மார்க்கர் ஆசாரியராக இருந்த இடத்தில். அவள் நம்பினது அந்த வீட்டை அல்ல, கர்த்தரை. அங்கிருந்து அவள் பாடின பாட்டில் பிள்ளையின் பேர்கூட இல்லை, கர்த்தர்தான் இருக்கிறார். லூக்காவில் மரியாள் பாடும் பாட்டில் அதன் எதிரொலி கேட்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 2-ஆம் அதிகாரம் 19-ஆம் வசனம். வருஷந்தோறும் பலிசெலுத்த வரும்போது மகனுக்கு ஒரு "சின்னச் சட்டை" தைத்துக் கொண்டுவருவாள். அதன்பின் அவளுக்கு மூன்று குமாரரும் இரண்டு குமாரத்திகளும் பிறந்தார்கள், அந்தச் சட்டையோ நிற்கவில்லை. தையல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். வருஷத்துக்கு ஒரு தரம் பார்க்கிற பிள்ளைக்கு அளவு எப்படி எடுப்பாள்? போன வருஷத்துத் தோளையும் கையையும் மனதில் வைத்து, இந்நேரம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று ஒவ்வொரு தையலிலும் நினைத்திருக்க வேண்டும். கொடுத்துவிட்ட பிள்ளையை அவள் மறந்துவிடவில்லை. சவுல் ராஜாவின் கடைசி நாட்களில் எந்தோர் என்ற ஊரில், மரித்துப்போயிருந்த சாமுவேல் தோன்றும்போது அவன் மேலங்கி போர்த்தியிருந்ததைக் கேட்டுத்தான் சவுல் அவனை அடையாளம் காண்கிறான். அந்த அங்கிக்கும் இந்தச் சின்னச் சட்டைக்கும் எபிரேயத்தில் ஒரே சொல்தான்.

என் தம்பி மகள் தூரத்தில் இருக்கிறாள், வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியும். நாலு வருஷமாக அவளுக்கு ஒரு கவுன் தைத்து அனுப்புகிறேன். போன தடவை தோள் இறுக்கமாக இருந்தது என்றாள். இந்த வருஷம் பக்கத் தையலில் இரண்டு விரல் கூடுதலாக விட்டிருக்கிறேன். தைக்கும்போதுதான் அவளுக்காக ஜெபிப்பேன், உதடு மட்டும் அசையும்.