வண்டிக்கு எந்த ஆயில்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் 100 சிசி பைக் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் 10டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. மெக்கானிக்கோ, "அது தண்ணி மாதிரி இருக்கும், நம்ம வெயிலுக்குத் தாங்காது, 20டபிள்யூ-40 ஊத்திடலாம்" என்கிறார். எண் பெரிதாக இருந்தால் நல்ல ஆயிலா? (வாசகர், வேலூர்)

பதில்: இல்லை. அந்த எண்கள் ஆயிலின் தரத்தைச் சொல்பவை அல்ல, எந்தச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை மட்டும் சொல்பவை.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுகூட விழாது, அதையே அடுப்பில் காட்டினால் தண்ணீராக ஓடும். என்ஜின் ஆயிலும் அந்த ஜாதிதான். 'டபிள்யூ' என்றால் விண்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதற்கான எண், குறையக் குறைய இளக்கம் அதிகம். 10டபிள்யூ-வை மைனஸ் 25 டிகிரியிலும் 20டபிள்யூ-வை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்து, என்ஜின் சுழல விடுகிறதா என்று சோதிக்கிறார்கள். வேலூரில் அந்தக் குளிர் ஏது? ஊட்டியிலேயே ஜனவரியில் பூஜ்யத்தை ஒட்டித்தான் இறங்கும். அதனால் உங்களுக்கு முக்கியம் பின்னால் உள்ள எண்.

அது 100 டிகிரி சூட்டுக்கான எண். மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாக ஆயிலை ஒழுகவிட்டு, எத்தனை விநாடி எடுக்கிறது என்று பார்த்து அளப்பார்கள். சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) கணக்கில் 9.3-லிருந்து 12.5-க்குள் வந்தால் 30, அங்கிருந்து 16.3-க்குள் வந்தால் 40. அதாவது 12.4 உள்ள ஒரு 30-க்கும் 12.6 உள்ள ஒரு 40-க்கும் பெரிய வித்தியாசமே இல்லை! கேனில் இருக்கும் ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துவிட்டு 'தண்ணி மாதிரி' என்று சொல்வது சரியில்லை, ஏனென்றால் விரலில் பட்டது 30 டிகிரி சூட்டில் இருக்கும் ஆயில், வேலை செய்யப்போவது 100 டிகிரி சூட்டில் இருக்கும் ஆயில்.

சரி, கெட்டியாக ஊற்றினால் என்ன ஆகும்? என்ஜின் உடனே கெட்டுப்போகாது. ஆனால் பம்ப் அதைத் தள்ளக் கூடுதலாக உழைக்க வேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ராக்கர் (வால்வைத் திறக்கும் பாகம்) வரை ஆயில் ஏறச் சற்று நேரம் பிடிக்கும், மைலேஜும் கொஞ்சம் குறையும். புத்தகத்திலேயே வெயில் பகுதிக்கு 20டபிள்யூ-40 என்று மாற்று கொடுத்திருந்தால் தாராளமாக ஊற்றுங்கள். இல்லாவிட்டால் 10டபிள்யூ-30-தான். ஆயில் அடிக்கடி குறைந்து சைலன்சரில் நீலப் புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கலாம், அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கெட்டி ஆயில் அந்தப் புகையைக் கொஞ்ச நாள் மறைக்குமே தவிர தேய்ந்த ரிங்கைச் சரிசெய்யாது.

கேள்வி: காருக்கு வாங்கிய ஆயிலில் ஒரு லிட்டர் மீதம் இருக்கிறது. கிரேடும் ஒன்றுதான். பைக்கில் ஊற்றலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: கியர் பைக் என்றால் வேண்டாம். பெரும்பாலான கியர் பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் என்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஊறிக்கொண்டு இருக்கும், காரில் அப்படி இல்லை. உராய்வைக் குறைக்கப் பல கார் ஆயில்களில் சேர்க்கும் ரசாயனம் இந்தப் பிளேட்டுகளை வழுக்கவிடும். நானே ஒருமுறை அப்படி ஊற்றிவிட்டு ஏலகிரி ஏறினேன். நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக என்ஜின் மட்டும் அலறியது, வண்டி நகரவில்லை. இறங்கி வந்து ஆயிலை மாற்றியும் வழுக்கல் நிற்கவில்லை, கடைசியில் பிளேட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

கேனின் பின்பக்கம் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்று (ஜாசோ என்பது ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் இந்த வகை கிளட்சுக்கு ஏற்றது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு 'எம்.பி.' என்று இருப்பது ஏற்றது. மீதமுள்ள அந்த லிட்டரை மூடி இறுக்கி வையுங்கள், காரில் ஆயில் குறையும்போது ஊற்றிக்கொள்ளலாம்.