புதிதாக வாங்கிய அனிமோன் நடந்துகொண்டே இருக்கிறதா?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். மூன்றடி உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு ஜோடி ஆசலாரிஸ் க்ளவுன் மீன் இருக்கிறது. போன வாரம் இரண்டு கடல் அனிமோன் (பூப்போல இழை விரிக்கும் கடல் விலங்கு) வாங்கினேன். ஒன்று வெள்ளை, இழைகளின் நுனி மட்டும் ஊதா. இரவில் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று பழுப்பு, குட்டையான இழைகள். மணலில் பாய் மாதிரி கிடக்கிறது, தொட்டால் கையில் ஒட்டுகிறது. கடைக்காரருக்குப் பெயர் தெரியவில்லை. இவை என்ன, எப்படி வளர்ப்பது? அனிமோனுக்குள் வாழும் என்கிறார்களே, என் க்ளவுன் மீன்கள் ஏன் பக்கத்திலேயே போகவில்லை?

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். பவர்ஹெட்டின் (தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) உறிஞ்சும் வாயை இன்றைக்கே ஸ்பாஞ்ச் வைத்து மூடுங்கள். நடக்கிற அனிமோன் அதில் மாட்டினால் துண்டுதுண்டாகித் தண்ணீர் முழுக்கக் கலந்துவிடும், மீன்களையும் கொண்டுபோய்விடும்.

நிறத்தை வைத்து அனிமோனை அடையாளம் காணாதீர்கள். ஒரே இனம் பல நிறத்தில் வரும். பாதம் மணலுக்குள் இருக்கிறதா பாறையில் இருக்கிறதா, தண்டு வழவழப்பா மரு மருவாக இருக்கிறதா, இழைகள் நீளமா குட்டையா என்று பாருங்கள். உங்கள் வெள்ளை அனிமோனின் தண்டு தோல்போலத் தடித்து, மணல் ஒட்டும் மருக்களோடு இருந்தால் அது ஹெட்டராக்டிஸ் கிரிஸ்பா. கடைகளில் சீபே அனிமோன் என்பார்கள். தண்டு வழவழப்பாக இருந்து, பாறை இடுக்கில் பாதத்தை நுழைத்துக்கொண்டால் அது பபிள் டிப் என்ற வகை, இழை நுனியில் குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் தொட்டிக்கு வந்தபின் பல நேரம் காணாமல் போகும் என்பதால், குமிழை மட்டும் நம்பினால் குழப்பம்தான். பழுப்பு அனிமோன், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஹாடோனி என்ற கம்பள அனிமோன்.

வெள்ளைதான் எனக்குக் கவலை. கிரிஸ்பாவின் இயல்பான நிறம் பழுப்பு. உடம்புக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியில் தயாரிக்கும் உணவைத்தான் அது பெரும்பாலும் நம்பியிருக்கிறது. அலைச்சலிலும் இருட்டிலும் அந்தப் பாசியை இழந்ததால்தான் வெளுத்திருக்கிறது. கடையில் இதையே அபூர்வ நிறம் என்று விற்பார்கள். (பளிச்சென்ற மஞ்சள், ரோஸ் அனிமோன் கண்ணில் பட்டால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம், வாங்காதீர்கள்.) தேறிவரப் பல மாதம் பிடிக்கும். விளக்கைக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். ஓரிடத்தில் நின்றபின், வாரம் இருமுறை பட்டாணி அளவு இறால் துண்டு போதும். பெரிய துண்டைக் கொடுத்தால் மறுநாள் கக்கிவிடும். நடப்பது இடம் பிடிக்காததால். நீங்கள் தூக்கித் தூக்கி வைத்தால் இன்னும் நடக்கும். பாறையை ஒட்டி நான்கைந்து அங்குலம் மணல் போட்டு விட்டுவிடுங்கள்.

ஹாடோனியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அது அரை மீட்டர் வரை விரியும், மீனையும் பிடித்துத் தின்னும். மூன்றடித் தொட்டி அதற்குப் பத்தாது. இரண்டு வகை ஒரே தொட்டியில் இருந்தால் ஒன்றையொன்று கொட்டவும் செய்யும். எடுக்கும்போது கையுறை போட்டு, மணலை விலக்கி, பாதத்தின் ஓரத்திலிருந்து விரல் நுனியால் மெதுவாகப் பெயர்த்தெடுங்கள். பாதம் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம்.

க்ளவுன் மீன்கள் மேல் தப்பில்லை. கடலில் ஆசலாரிஸ் இந்த இரண்டு வகையிலும் வாழ்வதில்லை. மாக்னிஃபிகா, ஜைகாண்டியா, மெர்டென்சி ஆகிய மூன்று அனிமோன் வகைகளோடுதான் இருக்கும். ஹாடோனியில் வாழ்வது சீபே க்ளவுன் என்ற வேறு மீன். உங்கள் மீன்கள் தொட்டியில் பழகினாலும் பழகலாம், ஆனால் அனிமோன் இல்லாமலேயே அவை நன்றாக இருக்கும்.

இரண்டு மாதத் தொட்டி அனிமோனுக்கு இளசு. ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வாங்கியாயிற்று, இனி தண்ணீரைக் கவனியுங்கள். உப்பு அடர்த்தி 1.025 முதல் 1.026, வெப்பம் 25 முதல் 27 டிகிரி, நைட்ரேட் 10 பிபிஎம்முக்குக் கீழ். நம் ஊர் கோடையில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி 30 டிகிரியைத் தாண்டிவிடும். மேலே ஃபேன் வைத்தால் குறையும், ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் தினமும் ஈடுகட்டுங்கள். கடல்தண்ணீர் எடுத்து வந்து ஊற்றுவதாக இருந்தால் தேங்காய்த்திட்டு துறைமுகம், அரியாங்குப்பம் முகத்துவாரம் பக்கம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரின் உப்பும் இறங்கிவிடும். மீனுக்கு நோய் வந்தாலும் தாமிர மருந்தை இந்தத் தொட்டியில் போடவே கூடாது, அனிமோன் செத்துவிடும்.

அனிமோன் சுருங்கிப் பழுப்புக் கழிவைத் துப்புவதும் மறுபடி விரிவதும் சாதாரணம். வாய் பிளந்து மூடாமல் கிடந்து, உள்ளிருந்து நூல் நூலாக வெளியே வந்து, அழுகல் நாற்றம் அடித்தால் பிழைக்காது. காத்திருக்காமல் உடனே வெளியே எடுத்து, அன்றே கால் பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள்.