பழைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறிய டீ ஃபேக்டரி நடத்துகிறோம். மாமனார் தொடங்கியது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். 24 பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் ஜார்கண்ட், ஒடிசா பக்கத்திலிருந்து வந்தவர்கள். யாருக்கு எந்த மெஷின் தெரியும் என்பதெல்லாம் தூள் தயாரிப்பைக் கவனித்துவந்த பழைய டீ மேக்கருக்கு அத்துப்படி. அவர் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். எங்களிடம் தூள் வாங்கும் கம்பெனி பாதுகாப்புப் பயிற்சிப் பதிவேடுகளைக் கேட்கிறது, அடுத்த மாதம் ஆடிட். "மூன்று வருடத்துக்கும் நானே எழுதித் தருகிறேன், ஆட்களிடம் கையெழுத்து மட்டும் வாங்குங்கள்" என்கிறார் ஒரு கன்சல்டன்ட். இன்னொருவர் சாஃப்ட்வேர் வாங்கச் சொல்கிறார். என்ன செய்ய?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அந்தக் கையெழுத்தை வாங்காதீர்கள், சகோதரி. ஆடிட்டரிடம் மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அதுவும் நடக்கும்தான். விவரமான ஆடிட்டர் ஃபைலோடு நிற்கமாட்டார், டிரையர் பக்கத்தில் நிற்கும் பையனைக் கூப்பிட்டு, "தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்பார். என் கவலை வேறு. ஆறு மாதம் போனால் அந்த ஃபைலை உங்கள் ஃபேக்டரியே நம்பத் தொடங்கிவிடும். ஒரு நாள் இரவு ஷிஃப்டில், இலையை நசுக்கும் ரோட்டர்வேன் மெஷினின் ஆள் வரவில்லை. புதிய டீ மேக்கர் ஃபைலைப் பார்க்கிறார், பயிற்சி பெற்றவர் என்று ஒரு பெயர் இருக்கிறது, அவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவரோ அந்த மெஷினைத் தொட்டதே இல்லை.

உண்மையான பதிவேடும் எப்படி எழுதினாலும் உதவும் என்று சொல்லமாட்டேன். "பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது" என்று ஒரு வரி, கீழே 24 கையெழுத்து. நிறைய இடங்களில் இதுதான் இருக்கிறது. இதை வைத்து நாளைக்கு யாரை எங்கே நிறுத்தலாம் என்று உங்களால் முடிவு செய்ய முடியாது. ஆள் ஆளாக, மெஷின் மெஷினாக எழுத வேண்டும்.

இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். பல் வெட்டிய இரண்டு ரோலர்கள் எதிரெதிராகச் சுற்றுகின்றன, ஒன்று மற்றதைவிடச் சுமார் பத்து மடங்கு வேகத்தில். இலை அடைத்துக்கொண்டால் கை தன்னால் அங்கே போகும். அந்த வேலைக்கான பயிற்சி என்பது இதுதான்: மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, அதைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வது. "ஆள் வேலை செய்கிறார்" என்ற அட்டையைத் தொங்கவிடுவது. ஸ்விட்சை அணைத்தாலும் ரோலர் உடனே நிற்காது, முழுதாக நிற்கும்வரை காத்திருப்பது. அப்புறமும் கையை விடாமல் பிரஷ்ஷால் தள்ளுவது. இதை அவர் செய்து காட்ட வேண்டும், சொல்லிக் கொடுத்தவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் பெயர், தேதி, மெஷின், என்ன வேலை, யார் சொல்லிக்கொடுத்தார், எந்த மொழியில், செய்து காட்டினாரா, எங்கே தடுமாறினார், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று வரட்டும். "சாவியைப் பையில் போட மறந்தார், வெள்ளிக்கிழமை மறுபடி" என்று ஒரு வரி இருந்தால், ஆடிட்டர் அதைக் குறையாக எடுக்கமாட்டார். அங்கே உண்மையிலேயே பயிற்சி நடக்கிறது என்றுதான் புரிந்துகொள்வார்.

மலையில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், குளிர். மார்கழி விடியலில் மஃப்ளர், சால்வை, தொளதொள ஸ்வெட்டர் இல்லாமல் யார் வேலைக்கு வருவார்கள்? பெல்ட் பக்கத்தில் அந்த மஃப்ளர் நுனி போதும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு இதை அப்போதே சொல்லிவிட்டது. ஓடுகிற மெஷினுக்கு எண்ணெய் விடுவது, பெல்ட் மாட்டுவது போன்ற வேலைகளைத் தனிப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும், உடலோடு ஒட்டிய உடை போட்டிருக்க வேண்டும், அந்த உடையை முதலாளிதான் தர வேண்டும், அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆகவே உடை கொடுத்த தேதியும் உங்கள் நோட்டில் ஏறட்டும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இன்றைக்கு உங்களுக்கு எந்தப் படிவம் பொருந்தும் என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொழி என்ற பத்தியை அலட்சியமாக நிரப்பாதீர்கள். தமிழில் சொன்னதற்கு ஜார்கண்ட் தம்பி தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அவர்களிலேயே வேலை நன்றாகத் தெரிந்த ஒருவரை அவர் மொழியில் சொல்லச் சொல்லி, செய்து காட்டுவதை ஃபோனில் வீடியோ எடுங்கள். புதிதாக வருபவர் முதல் நாளே அதைப் பார்க்கட்டும். ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்புகிறவரையும் மெஷினில் விடுமுன் ஒரு முறை செய்யச் சொல்லிப் பாருங்கள், அதையும் எழுதுங்கள்.

சாஃப்ட்வேர் இப்போதைக்கு வேண்டாம். 24 பேருக்குப் பக்க எண் போட்ட கெட்டி அட்டை நோட்டு ஒன்று, சுவரில் பெரிய சார்ட் ஒன்று, இவை போதும். சார்ட்டில் இடப்பக்கம் பெயர்கள், மேலே மெஷின்கள். கட்டத்தில் பழகுகிறார், தனியாகச் செய்வார், சொல்லித் தருவார் என்று மூன்றில் ஒரு குறி. டீ மேக்கர் அதைப் பார்த்துத்தான் ஷிஃப்ட் போட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும், இங்க் பேனா எழுத்து கரைந்துவிடும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, நோட்டை ஆஃபீஸ் பீரோவில் வையுங்கள், வாரம் ஒரு முறை பக்கங்களை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பானை நிரப்பிய தேதி, முதலுதவி தெரிந்தவர் யார், கை போக இருந்து தப்பிய சம்பவங்கள், இவற்றுக்கும் அதே நோட்டில் பின்பக்கம் இடம் விடுங்கள்.

ஏப்ரலில் இலை குவியத் தொடங்கிவிட்டால் எதற்கும் நேரம் இருக்காது, இருக்கிற ஆளை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தத் தோன்றும். அதற்கு முன்பே ஒவ்வொரு மெஷினுக்கும் ஷிஃப்டுக்கு இரண்டு பேராவது தனியாகச் செய்யும் நிலைக்கு வந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஓய்வு பெற்ற அந்த டீ மேக்கர் ஐயாவைப் போய்ப் பாருங்கள். கன்சல்டன்ட்டுக்குத் தர இருந்த பணத்தை அவருக்குச் சம்பளமாகக் கொடுத்து, சில நாள் ஃபேக்டரிக்கு வரச் சொல்லுங்கள். யார் கைப்பழக்கம் உள்ளவர், யார் அவசரக்காரர், யாரை ஹீட்டர் பக்கம் தனியாக விடக் கூடாது என்பதை அவர் சொல்லச் சொல்ல புதிய டீ மேக்கர் எழுதட்டும். அவர் வாய்மொழியைப் பயிற்சிப் பதிவாகக் கணக்கில் எடுக்காதீர்கள், யாரை முதலில் சோதித்துப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: "இதற்கு முந்தைய பயிற்சிகளுக்கு எழுத்துப் பதிவு இல்லை. இன்று முதல் தொடங்குகிறோம். முதலில் சிடிசி, டிரையர், ஹீட்டர். மற்றவை மூன்று மாதத்துக்குள்." இதே விவரத்தைத் தூள் வாங்கும் கம்பெனிக்கும் ஆடிட்டுக்கு முன்பே மெயிலில் அனுப்பிவிடுங்கள். ஆடிட் அன்று உங்களிடம் நாலு பக்கம்தான் எழுதியிருக்கும். பரவாயில்லை, அந்த நாலு பக்கத்தில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரையும் தைரியமாக மெஷின் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தலாம்.